கண்ணால் காணாத கலாசாலை
ஜாம்ஷெட்ஜி டாடாவின் வாழ்க்கை வரலாறு

பெங்களூரில் மல்லேஸ்வரத்தைத் தாண்டி யஷ்வந்தபுரம் செல்லும் வழியில், மரங்கள் அடர்ந்த பெரிய வளாகம் ஒன்று இருக்கிறது. அதன் நடுவே சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டப்பட்ட கோபுரக் கட்டடம் நிற்கிறது. கட்டடத்தின் முன்னால் ஒரு பெரியவரின் சிலை. 1922-ஆம் ஆண்டு வைக்கப்பட்ட அந்தச் சிலைக்கு உரியவர் இந்தக் கட்டடத்தைப் பார்த்ததே இல்லை. அதன் அஸ்திவாரக் கல் நாட்டப்படுவதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார்.

இந்திய விஞ்ஞானக் கழகம் என்ற அந்த நிறுவனத்துக்காகத் தம் சொத்தில் ஏறக்குறையப் பாதியை எடுத்து வைத்தவர் அவர். கொடுக்கிறேன் என்று சொன்ன பணத்தை அரசாங்கம் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காக, கடைசி ஆறு ஆண்டுகள் அலைந்தவரும் அவரே. அவர்தான் ஜாம்ஷெட்ஜி நசர்வான்ஜி டாடா.

புரோகிதர் குடும்பத்துப் பிள்ளை

குஜராத்தில் உள்ள நவசாரி அப்போது பரோடா சமஸ்தானத்தைச் சேர்ந்த சிற்றூர். அங்கே 1839-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் தேதி ஜாம்ஷெட்ஜி பிறந்தார். தலைமுறை தலைமுறையாகப் பார்சி புரோகிதர்களாக இருந்த குடும்பம். தந்தை நசர்வான்ஜிதான் அந்த வழக்கத்தை விட்டு, பம்பாய்க்குப் போய் வியாபாரத்தில் இறங்கிய முதல் மனிதர்.

மகனுக்கு 13 வயதானபோது தந்தை அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைத்தார். 1858-இல் ஜாம்ஷெட்ஜி படிப்பை முடித்தார். படிப்பின் மீது அவருக்கு ஏற்பட்ட ஆசை மட்டும் முடியவில்லை. கடைசி வரை அவர் கையில் புத்தகம் இல்லாத நாள் அபூர்வம்.

அடுத்த ஆண்டே தந்தையின் வியாபாரத்தைக் கவனிக்க ஹாங்காங் போனார். பிறகு லண்டன் போனார். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. அமெரிக்கப் பருத்தி வராததால் இந்தியப் பருத்திக்குப் பொன் விலை. பம்பாய் வியாபாரிகள் இரவோடு இரவாக லட்சாதிபதிகள் ஆனார்கள். 1865-இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது. லட்சாதிபதிகள் பலர் கடன்காரர்கள் ஆனார்கள்.

டாடா குடும்பமும் அந்தச் சரிவில் சிக்கியது. லண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜியின் கையில் இருந்த பத்திரங்கள் வெறும் காகிதங்களாயின. அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தவர்களிடம் நேரில் போய் உள்ளதை உள்ளபடி சொன்னார். அவருடைய நேர்மையில் நம்பிக்கை வைத்த அவர்கள், கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தார்கள். இருபத்தாறு வயது இளைஞருக்குக் கிடைத்த பெரிய பாடம் அது.

1868-இல் 21,000 ரூபாய் முதலீட்டில் தாமே ஒரு வியாபாரக் கம்பெனியைத் தொடங்கினார். மறு ஆண்டு பம்பாய் சிஞ்ச்பொக்லியில் நொடித்துப் போயிருந்த எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, பஞ்சாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டுகளில் அதை நல்ல லாபத்துக்கு விற்றார். அந்தப் பணத்துடன் இங்கிலாந்து போய், லங்காஷயர் பஞ்சாலைகள் எப்படி நடக்கின்றன என்று நேரில் பார்த்து வந்தார்.

நாகபுரி ஆலை

அடுத்த ஆலையைப் பம்பாயிலேயே தொடங்குவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜாம்ஷெட்ஜி தேர்ந்தெடுத்த இடம் நாகபுரி. பருத்தி விளையும் இடத்துக்குப் பக்கத்தில் ஆலை இருக்க வேண்டும், ரயில் பாதையும் நிலக்கரியும் அருகில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பம்பாய்க்காரர்கள் சிரித்தார்கள். தங்கத்தை மண்ணில் போட்டுப் புதைக்கிறார் என்று நாகபுரியிலேயே ஒரு லேவாதேவிக்காரர் பணம் தர மறுத்ததாகச் சொல்வார்கள்.

1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஆலை ஓடத் தொடங்கியது. விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாக அறிவித்த அதே நாள் என்பதால் எம்பிரஸ் மில் என்று பெயர் வைத்தார்கள். ஆலை செழித்தது. ஏளனம் செய்தவர்கள் வாய் அடைத்துப் போனார்கள்.

தொழிலாளி வேலைக்கு வராமல் போவது அந்த நாளில் எல்லா ஆலைகளிலும் இருந்த தலைவலி. மற்ற முதலாளிகள் அபராதம் போட்டார்கள். ஜாம்ஷெட்ஜியின் வழி வேறு. ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும் ஈரப்பதத்துக்கும் இயந்திரங்கள் வைத்தார். தீ அணைக்கும் குழாய்கள் பொருத்தினார். 1886-இல் ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895-இல் விபத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்கும் முறையைக் கொண்டு வந்தார். தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் வந்தது 1923-இல்தான். பிராவிடண்டு பண்டுச் சட்டம் வந்தது 1952-இல். சட்டம் கட்டாயப்படுத்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, தொழிலாளியின் நலம்தான் தொழிலின் நலம் என்று கண்டவர் அவர்.

மனதில் விழுந்த விதை

ஐம்பது வயதை எட்டியபோது அவரிடம் பணம் இருந்தது, புகழ் இருந்தது. மூன்று பெரிய வேலைகள் மட்டும் பாக்கி என்று அவருக்குத் தோன்றியது. இந்தியாவிலேயே இரும்பும் எஃகும் காய்ச்ச வேண்டும். மலை அருவிகளிலிருந்து மின்சாரம் எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் நடத்தத் தெரிந்த விஞ்ஞானிகளை இந்தியாவிலேயே உருவாக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பல்கலைக்கழகங்கள் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் இடங்களாகவே இருந்தன. ஆராய்ச்சி என்பது அங்கே கிடையாது. படித்த இளைஞர்கள் சர்க்கார் குமாஸ்தாவாகவோ வக்கீலாகவோ போனார்கள். 1889-இல் பம்பாய் கவர்னர் ரே பிரபு, பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழாவில் இந்தக் குறையை எடுத்துச் சொன்னார். பரீட்சை நடத்துவதோடு நில்லாமல் உண்மையான கல்வி தரும் பல்கலைக்கழகங்கள் வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம். அந்தப் பேச்சு ஜாம்ஷெட்ஜியின் மனதில் ஆழமாகப் பதிந்தது.

முதல் படியாக, 1892-இல் இந்திய மாணவர்கள் வெளிநாடு சென்று மேல்படிப்புப் படிக்கக் கடன் கொடுக்கும் நிதி ஒன்றை ஏற்படுத்தினார். படித்துவிட்டு வேலைக்குப் போனதும் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பணம் இன்னொரு மாணவனுக்குப் போகும். தர்மமாகக் கொடுத்தால் வாங்குகிறவன் தலை குனிய நேரும், கடனாகக் கொடுத்தால் நிமிர்ந்து நிற்பான் என்பது இந்த ஏற்பாட்டின் நியாயம்.

ஆனால் சில மாணவர்களை வெளிநாட்டுக்கு அனுப்பினால் போதுமா? அந்தப் படிப்பு இங்கேயே கிடைக்க வேண்டாமா? இந்தக் கேள்வி அவரை விடவில்லை.

1893-இல் ஜப்பானிலிருந்து கனடா செல்லும் கப்பலில் அவருடன் பயணம் செய்தவர், சிகாகோ சர்வமத மகாசபைக்குப் போய்க்கொண்டிருந்த விவேகானந்தர். 1898-இல் ஜாம்ஷெட்ஜி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கப்பலில் பேசியதை நினைவூட்டி, தம் விஞ்ஞானக் கழகத் திட்டத்துக்கு மக்கள் ஆதரவைத் திரட்டித் தரும்படி கேட்டுக்கொண்டார். விவேகானந்தர் அந்தப் பொறுப்பை நேராக ஏற்கவில்லை. ஆயினும் சென்னையில் அவருடைய அன்பர்களால் தொடங்கப்பட்ட பிரபுத்த பாரத இதழ் 1899-இல் இந்தத் திட்டத்தை வாழ்த்தி எழுதியது. சகோதரி நிவேதிதையும் ஆதரித்தார்.

கொடுக்கிறவர் தயார், வாங்குகிறவர் தயங்கினார்

திட்டம் தீட்டும் வேலையைப் பர்ஜோர்ஜி பாட்ஷா என்ற அறிஞரிடம் ஜாம்ஷெட்ஜி ஒப்படைத்தார். பாட்ஷா ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்ப் பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்த்து வந்தார். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் போல, பட்டம் பெற்றவர்கள் ஆராய்ச்சி செய்யும் இடமாக இது அமைய வேண்டும் என்று முடிவாயிற்று.

பம்பாயில் தமக்குச் சொந்தமான நிலங்களையும் கட்டடங்களையும் இதற்கென ஜாம்ஷெட்ஜி ஒதுக்கினார். அவற்றின் மதிப்பு 30 லட்சம் ரூபாய். ஆண்டு வருமானம் ஒன்றேகால் லட்சம் ரூபாய். மாதம் பத்து ரூபாயில் குடும்பங்கள் பிழைத்த காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

1898 டிசம்பர் 30-ஆம் தேதி புதிய வைஸ்ராய் கர்சன் பிரபு பம்பாயில் வந்து இறங்கினார். மறுநாளே ஜாம்ஷெட்ஜியின் குழு திட்டத்தை அவரிடம் கொடுத்தது. கர்சனுக்கு இரண்டு சந்தேகங்கள். இந்த உயர்ந்த படிப்புக்குத் தகுதியுள்ள மாணவர்கள் இந்தியாவில் கிடைப்பார்களா? படித்து முடித்தால் அவர்களுக்கு வேலை எங்கே?

கேள்விகள் சாதாரணமாகத் தோன்றலாம். அவற்றின் அடியில் இருந்தது, இந்தியர்களுக்கு இவ்வளவு பெரிய படிப்பு எதற்கு என்ற எண்ணம். தொழில் வளர்ந்தால்தான் விஞ்ஞானிக்கு வேலை கிடைக்கும் என்றது அரசாங்கம். விஞ்ஞானி இருந்தால்தான் தொழில் வளரும் என்றார் ஜாம்ஷெட்ஜி. வழக்கு இதுதான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தம் குடும்பச் சொத்து ஏற்பாட்டையும் கழகத்துக்கான நன்கொடையையும் ஒன்றாக இணைத்துச் சட்டபூர்வமாக்க ஜாம்ஷெட்ஜி விரும்பினார். அரசாங்கம் இதைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. தம் நல்லெண்ணத்தில் ஐயம் வந்துவிட்டது என்று தெரிந்ததும் அவர் அந்த நிபந்தனையைக் கைவிட்டார். நன்கொடை மட்டும் அப்படியே நின்றது.

பெங்களூர் வந்த கதை

திட்டத்தைப் பரிசீலிக்க இங்கிலாந்திலிருந்து ரசாயன நிபுணர் வில்லியம் ராம்சே வரவழைக்கப்பட்டார். பின்னால் 1904-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். 1900-இல் இந்தியா வந்து பல ஊர்களைச் சுற்றிப் பார்த்த ராம்சே, கழகத்துக்கு ஏற்ற இடம் பெங்களூர் என்று எழுதிக் கொடுத்தார். மிதமான சீதோஷ்ணம் ஒரு காரணம். மைசூர் சமஸ்தானம் காட்டிய ஆர்வம் இன்னொரு காரணம்.

அந்த ஆர்வத்தின் பின்னால் இருந்தவர் திவான் சர் கே. சேஷாத்ரி ஐயர். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1845-இல் பிறந்து, 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர். சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அந்த மின்சாரம் 1902-இல், தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலுக்குப் போய்ச் சேர்ந்தது. 1905-இல் பெங்களூர் வீதிகளில் விளக்கு எரிந்தது. விஞ்ஞானத்தின் பலனைக் கண்டு வைத்திருந்த அந்தத் திவான், கழகத்துக்கு நிலமும் பணமும் தருவதாக மைசூர் சார்பில் வாக்களித்தார். மகாராஜா இளம் வயதினராக இருந்ததால் அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்தவர் மகாராணி வாணி விலாஸ சன்னிதானம்.

பெங்களூர் ஜாம்ஷெட்ஜிக்குப் புதிய ஊரும் அல்ல. ஜப்பானில் பட்டுப்பூச்சி வளர்ப்பைக் கண்டு வந்த அவர், 1890-களில் பெங்களூரில் பட்டுப் பண்ணை ஒன்றை அமைத்து, ஜப்பானிய நிபுணர்களைக் கொண்டு உள்ளூர் மக்களுக்குத் தொழில் கற்றுக் கொடுத்தார். பசவன்குடிப் பக்கத்தில் டாடா சில்க் பார்ம் என்ற பெயர் வழங்குவது அதனால்தான்.

ராம்சேயின் யோசனை செலவு மிகுந்தது என்று கர்சன் கருதினார். பேராசிரியர் மேசன், கர்னல் கிளிபர்ன் ஆகிய இருவரைக் கொண்டு 1901-இல் மீண்டும் ஒரு பரிசீலனை நடந்தது. அவர்கள் திட்டத்தைச் சுருக்கினார்கள். கடிதங்கள் போயின, வந்தன. 1901-இல் சேஷாத்ரி ஐயர் காலமானார். ஆண்டுகள் ஓடின. மற்ற செல்வந்தர்களும் சமஸ்தானாதிபதிகளும் எதிர்பார்த்த அளவுக்கு முன்வரவில்லை.

ஜெர்மனியில் மரணம்

இதற்கிடையே இரும்பாலைக்காக அமெரிக்கா வரை போய் நிபுணர்களைக் கண்டு பேசினார் ஜாம்ஷெட்ஜி. 1903 டிசம்பரில் பம்பாய் கடற்கரையில் தாஜ்மகால் ஓட்டலைத் திறந்தார். ஆனால் உடல் தளர்ந்துவிட்டது. 1904 மார்ச்சில் மனைவி ஹீராபாய் காலமானார். சிகிச்சைக்காக ஜெர்மனி சென்றிருந்த ஜாம்ஷெட்ஜி, மே 19-ஆம் தேதி பாட் நவ்ஹைம் என்ற ஊரில் கண்ணை மூடினார். வயது 65. இங்கிலாந்தில் புரூக்வுட் என்ற இடத்தில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

மூன்று பெரிய கனவுகளில் ஒன்றுகூட அன்று நிறைவேறியிருக்கவில்லை.

ஆனால் உயில் இருந்தது. கழகத்துக்கென ஒதுக்கிய சொத்து கழகத்துக்கே போக வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார். மகன்கள் தோராப்ஜியும் ரத்தன்ஜியும் நினைத்திருந்தால், அரசாங்கம் இழுத்தடிக்கிறது என்று காரணம் காட்டிப் பின்வாங்கியிருக்கலாம். தகப்பனார் சொல்லைக் காப்பாற்றினார்கள். பாட்ஷாவும் விடாமல் உழைத்தார்.

கல் மேல் கல்

அரசாங்கமும் கடைசியில் ஆண்டு மானியம் தர இசைந்தது. 1906-இல் ராம்சேயின் சக விஞ்ஞானி மாரிஸ் டிராவர்ஸ் முதல் இயக்குநராக நியமிக்கப்பட்டார். நியான், கிரிப்டான் ஆகிய வாயுக்களை ராம்சேயுடன் சேர்ந்து கண்டுபிடித்தவர் இவர். 1907-இல் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 371 ஏக்கர் நிலத்தை வழங்கினார். 1909 மே 27-ஆம் தேதி கழகத்தை நிறுவும் சட்டபூர்வ உத்தரவு பிறந்தது. 1911-இல் மகாராஜா அடிக்கல் நாட்டினார்.

அதே ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி முதல் மாணவர்கள் சேர்ந்தார்கள். ரசாயனமும் மின்சாரத் தொழில்நுட்பமும் முதலில் தொடங்கிய துறைகள். மாணவர்கள் கிடைப்பார்களா என்று கர்சன் கேட்ட கேள்விக்கு அன்று பதில் கிடைத்தது.

ஆரம்ப நாட்கள் சுமுகமாக இருந்தன என்று சொல்வதற்கில்லை. நிர்வாகத்தாருடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமைகளால் டிராவர்ஸ் 1914-இல் விலகினார். அந்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. மைசூர் சந்தனக் கட்டைகளை வாங்கி எண்ணெய் எடுத்து வந்த ஜெர்மனியுடன் வியாபாரம் நின்றது. கட்டைகள் தேங்கின. கழகத்து ரசாயனப் பேராசிரியர்கள் சட்பரோவும் வாட்சனும் இங்கேயே எண்ணெய் வடிக்கும் முறையைக் கண்டார்கள். அதன் பலனாக 1916-இல் சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை எழுந்தது. அதைத் தொடர்ந்து வந்ததுதான் வீடுதோறும் தெரிந்த மைசூர் சாண்டல் சோப்பு. படித்தவர்களுக்கு வேலை எங்கே என்ற இரண்டாவது கேள்விக்கு, வேலையை உண்டாக்கியே பதில் சொன்னது கழகம்.

1933-இல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநராக வந்தவர் திருச்சிக்கு அருகே திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி. ராமன். அப்போதே அவர் நோபல் பரிசு பெற்றவர். 1942-இல் விமானப் பொறியியல் துறை தொடங்கியது. பெங்களூரின் விமானத் தொழிற்சாலைக்கு ஆள் தந்த துறை அது. ஹோமி பாபாவும் விக்ரம் சாராபாயும் போர்க்காலத்தில் இங்கே ஆராய்ச்சி செய்தவர்கள். 1962 முதல் 1981 வரை இயக்குநராக இருந்த சதீஷ் தவன், 1972 முதல் இந்திய விண்வெளித் திட்டத்தையும் சேர்த்து நடத்தினார். 1958-இல் பல்கலைக்கழகத்துக்கு நிகரான தகுதியை மத்திய அரசு கழகத்துக்கு வழங்கியது.

மற்ற இரண்டு கனவுகளும் வீண் போகவில்லை. 1912-இல் சாக்சி என்ற கிராமத்தில் எஃகு காய்ச்சப்பட்டது. 1915-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைநீர் பம்பாய்க்கு மின்சாரமாக வந்தது.

பெயர் வேண்டாம் என்றவர்

பாதிச் சொத்தைக் கொடுத்த ஜாம்ஷெட்ஜி, கழகத்துக்குத் தம் பெயரை வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். தம் பெயர் இருந்தால் மற்றவர்கள் நன்கொடை தரத் தயங்குவார்கள், இது ஒரு குடும்பத்தின் உடைமை போலத் தோன்றிவிடும், நாட்டின் சொத்தாக இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதன்படியே எழுத்தில் அவர் பெயர் இல்லை.

சாக்சி கிராமத்துக்கு 1919-இல் வைஸ்ராய் செம்ஸ்போர்டு பிரபு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார். அது அரசாங்கம் கொடுத்த பெயர். பெங்களூரில் எந்த வைஸ்ராயும் அப்படி ஏதும் செய்யவில்லை. ஆட்டோக்காரரும் பஸ் கண்டக்டரும், கழகத்து மதிலோரம் காய்கறி விற்றவர்களும், அங்கே குமாஸ்தாவாகவும் தோட்டக்காரராகவும் உழைத்தவர்களும் தாங்களாகவே அதை டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்த வழக்கு மறையவில்லை.

பெயர் வேண்டாம் என்று எழுத்தில் தடுக்க அவரால் முடிந்தது. ஜனங்களின் வாயைத் தடுக்க முடியவில்லை.